உருண்டைக்குள் ஒரு சீட்டு

அத்தியாயம் 5

மாடிப்படிக்குக் கீழே ஒரு பச்சை இரும்புப் பெட்டி நின்றுகொண்டிருந்தது. பெட்டியின் மேல் மடித்த போர்வை. போர்வையின் மேல், தாளில் சுற்றிய ஒரு ஜோடிச் செருப்பு. பெட்டியை மாடியிலிருந்து இறக்கியவர் எங்களிடம் கேஸ் கொடுத்தவர். இறக்க வைத்தவன் நான்.

ஊரில் எனக்குப் பட்டப்பெயர் 'வாய்'. இருபது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்த மேடம், ரிடையரானதும் சும்மா இருக்கப் பிடிக்காமல் துப்பறியும் ஆபீஸ் போட்டார். அவருக்கு உதவியாளன் நான். அவர் பத்து நாளில் பேசுவதை நான் பத்து நிமிஷத்தில் பேசிவிடுவேன். இதை இத்தனை நாளும் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேடம் பெட்டியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

கேஸ் இதுதான். திங்கட்கிழமை ஒரு கணவனும் மனைவியும் ஆபீசுக்கு வந்தார்கள். மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் டைப்பிஸ்ட். சம்பளம் பற்றாமல், வீட்டிலேயே கம்பளி நூலும் ஸ்வெட்டரும் குல்லாவும் செய்து ஆன்லைனில் விற்கிறார். கைவேலைப் பொருள்களுக்கென்றே நடக்கும் ஒரு வெப்சைட். அதில் அவர் கடைக்கு 'ஒருவர் கைவேலை' என்று ஒரு முத்திரை கொடுத்திருக்கிறார்கள். 'நூல் நூற்பதிலிருந்து கடைசிப் பட்டன் வரை எல்லாமே என் இரு கைகளால்' என்று பக்கத்தின் தலையிலேயே எழுதியிருக்கும். அந்த முத்திரையைப் பார்த்துத்தான் ஜனங்கள் வாங்குகிறார்கள். பையனின் காலேஜ் படிப்பு அந்தக் கடையில்தான் ஓடுகிறது.

எழுதியிருந்தது பொய். ஒன்றரை வருஷமாக நூல் நூற்பது மாடியில் இருக்கும் மூத்த ஓரகத்தி, அதாவது கணவரின் அண்ணி. அண்ணன் இறந்த பிறகு தனியாக இருக்கிறார். நூற்று, உருண்டையாகச் சுற்றி, கூடையில் போட்டுக் கீழே அனுப்புவார். இளையவரான மனைவி பின்னுவார், லேபிள் ஒட்டுவார், போட்டோ எடுப்பார். பெயர் மட்டும் ஒருத்தருடையது.

போன வாரம் மூன்று வாடிக்கையாளர்கள் வெப்சைட்டுக்குப் புகார் எழுதினார்கள். அவர்கள் வாங்கிய நூல் உருண்டையைப் பின்னிக்கொண்டே போய், கடைசி முழத்தை எடுத்தபோது, நட்டநடுவில் சுருட்டி வைத்த ஒரு சீட்டு. கடையின் லேபிள் பேப்பரிலேயே அச்சடித்தது. 'இந்த நூலை நூற்றவர் வேறொருவர்.' வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் வராவிட்டால் கடையை மூடிவிடுவோம் என்று நோட்டீஸ் வந்துவிட்டது.

"படிக்கணும்னா ஒரு ஸ்வெட்டர் பின்னி முடிக்கணும். இப்படி ஒரு தபால் நான் கேள்விப்பட்டதே இல்ல" என்று அன்றைக்கே சொன்னேன். கணவர் சிரித்தார். மனைவி கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நேற்று கணவர் போன் செய்து, ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார். மேடம் ஊரில் இல்லை. நான் இருந்தேன்.

"சார், சீட்டு நட்டநடுவுல இருக்கு. சுத்தும்போது வச்சாதான் உண்டு. சுத்தறது யாரு? இதுக்குப் போய் துப்பறிவானேன், துடைப்பம் எடுத்தா போதுமே" என்றேன்.

என் வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கலாம். அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வாடகைக்கு ஒரு பெண்கள் விடுதியில் இடம் பேசி, இன்று நாலு மணிக்கு வண்டியும் சொல்லிவிட்டார். இப்போது மணி இரண்டே முக்கால்.

"வாங்க மேடம்" என்று கணவர் எதிரே வந்தார். நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். அதுதான் சங்கடம். "உங்க உதவியாளர் கரெக்டா சொல்லிட்டார். நீங்க ஒரு ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தா வெப்சைட்டுக்கு அனுப்பிடலாம். வீட்டுல ஒருத்தர் பொறாமையில செஞ்சது, அவங்களை அனுப்பிட்டோம்னு."

"பொறாமைன்னு எப்படிச் சொல்றீங்க?"

"சீட்டு வந்த உருண்டை மூணுமே இந்த ரெண்டு மாசத்துல சுத்தினது. அதுக்கு முன்னாடி ஒண்ணுகூட இல்ல. ரெண்டு மாசத்துக்கு முன்னாடிதான் வெப்சைட்ல 'இந்த மாதத்தின் கைகள்'னு இவளைப் பத்திப் போட்டாங்க. இவ தக்கிளி பிடிச்சிருக்கிற மாதிரி பெரிய போட்டோ. அண்ணிக்கு வயிறு எரிஞ்சிருக்கும். மனுஷ சுபாவம்தானே."

அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். முகம் இல்லை, இரண்டு கைகள் மட்டும். அதன் கீழே மேஜையில் லேபிள் அடிக்கும் மெஷின். அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் மேஜைப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். போட்டோ இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"அனுப்பத் தயாரா இருக்கிற நூலைப் பார்க்கலாமா?" என்றார் மேடம்.

இளையவர் கண்ணாடி அலமாரியைத் திறந்தார். சாம்பல், மஞ்சள், செங்கல் நிறம் என்று நாற்பது உருண்டைகளுக்கு மேல் இருக்கும். மேடம் ஒவ்வொன்றாக எடுத்து, உச்சியைப் பார்த்து, திரும்ப வைத்தார். கடையில் தேங்காய் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள்கூட இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கடைசியில் ஏழு உருண்டைகளைத் தனியாக எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார்.

"என்ன தெரியுது?" என்று என்னிடம் கேட்டார்.

"எல்லாம் உருண்டையா இருக்கு மேடம்."

"நல்லது. இதோட நிறுத்திக்க." இளையவரிடம் திரும்பினார். "இதைச் சுத்தறதுக்கு மெஷின் ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"இல்லைங்க. எல்லாம் கைதான். அதுதான் நம்ம கடையோட விசேஷம்."

"எல்லாமே உங்க அக்காதான் சுத்தறாங்களா? நீங்க சுத்தறதே இல்லையா?"

"அவங்கதான்." குரல் பாதியில் உள்ளே போயிற்று. "எல்லாமே அவங்கதான்."

ஓரகத்தியைத்தான் அவர் அக்கா என்று கூப்பிடுவார். நாங்கள் மாடி ஏறினோம். ஏறும்போது மேடம் மெதுவாக ஒன்று சொன்னார்.

"வாய், ஒரு விஷயம் யோசி. ஒருத்தர் மேல ஆத்திரம்னா சீட்டை வெளியில ஒட்டுவாங்க. பார்சலைப் பிரிச்சதும் கண்ணுல படற மாதிரி. இப்படி ஒரு மாசம் பின்னி முடிச்சாத்தான் கிடைக்கிற இடத்துல யார் வைப்பாங்க?"

"பொறுமைசாலி."

"இல்ல. சொல்லணும்னு இருக்கு, ஆனா சொல்ல பயமா இருக்கு. அப்படிப்பட்டவங்க."

மாடி அறையில் கட்டில் இருந்தது, மெத்தை இல்லை. சுவரில் ஆணி இருந்தது, படம் இல்லை. மூத்தவர் ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து தக்கிளி சுழற்றிக்கொண்டிருந்தார். வீட்டைவிட்டு அனுப்பப்படப் போகிறவர், அனுப்புகிறவர்களின் கடைக்கு நூல் நூற்றுக்கொண்டிருக்கிறார். எனக்கு எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை.

"உட்காருங்க. உட்கார எதுவும் இல்ல, கட்டில்லயே உட்காருங்க" என்றவர் என்னைப் பார்த்தார். "நேத்து போன்ல பேசினது நீங்கதானே. தம்பி ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு. குரல் அடையாளம் தெரியுது."

மன்னிப்புக் கேட்க நல்ல வார்த்தை நாலாவது எனக்குத் தெரியும். ஒன்றுகூட வரவில்லை.

மேடம் எனக்காகப் பேசவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார். "அந்தச் சீட்டெல்லாம் யார் வச்சதும்மா?"

மூத்தவர் தக்கிளியை நிறுத்தினார். "நான்தான்."

"நீங்களா?"

"ஆமா. நான்தான் வச்சேன். இன்னும் ஒரு மணி நேரத்துல போகப்போறேன். எழுதிக்குங்க. வேற என்ன வேணும்?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த நிமிஷம் என் நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. அப்பாடா, நான் சொன்னது தப்பில்லை. ஒரு விதவையின் பெட்டியைத் தெருவுக்குத் தள்ளியதில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அதை நினைத்தால் இப்போதும் என்னை எனக்கே பிடிக்கவில்லை.

மேடம் தலையாட்டினார். "சரிம்மா. போறதுக்கு முன்னாடி எனக்காக ஒரு உருண்டை சுத்திக் காட்டுவீங்களா? கைவேலை பார்க்க எனக்குப் பிடிக்கும்."

மூத்தவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு நூற்ற நூலை எடுத்து, வலது கையில் பிடித்துக்கொண்டு, இடது கையால் சுற்றத் தொடங்கினார். சரசரவென்று போயிற்று. தக்கிளி சுழற்றும்போதும் அவர் இடது கையால்தான் சுழற்றிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எலுமிச்சம்பழ அளவு வந்ததும் மேடம் கை நீட்டி வாங்கிக்கொண்டார்.

"போதும்மா. கீழே வாங்க, ரெண்டு நிமிஷம்."

"எதுக்கு? நான்தான் ஒத்துக்கிட்டேனே."

"அதனாலதான் கூப்பிடறேன்."

கீழே மேஜையில் அந்த ஏழு உருண்டைகள் அப்படியே இருந்தன. கணவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் அலமாரியிலிருந்து வேறு ஓர் உருண்டையை எடுத்து, மாடியிலிருந்து கொண்டுவந்ததைப் பக்கத்தில் வைத்தார்.

"உச்சியைப் பாருங்க. தலைமுடியில சுழி இருக்கிற மாதிரி இருக்கா? இது ரெண்டும் ஒரே பக்கம் சுழிக்குது. இடது கைக்காரங்க சுத்தினா இப்படித்தான் வரும். அலமாரியில இருக்கிற மத்ததெல்லாம் இதே மாதிரிதான்." அந்த ஏழில் ஒன்றை எடுத்து நடுவில் வைத்தார். "இப்ப இதைப் பாருங்க."

பார்த்தேன். சுழி எதிர்ப்பக்கம் போயிற்று. கண் இருந்தும் குருடன் என்பார்களே, அது நான்தான்.

"நூல் ஒண்ணுதான். நூத்தவங்க ஒருத்தர்தான். ஆனா இந்த ஏழையும் யாரோ பிரிச்சு, மறுபடி சுத்தியிருக்காங்க. வலது கையால" என்றார் மேடம். "வாய், அதைப் பிரி."

பிரித்தேன். நூல் மேஜையில் விழுந்தது, பிறகு தரையில், பிறகு என் காலைச் சுற்றி. கடைசி முழத்தில் ஒரு வெள்ளைச் சுருள் உதிர்ந்தது. நான் விரித்துப் படிக்க வேண்டியிருக்கவில்லை. என்ன எழுதியிருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

"அப்ப அண்ணி இல்லையா?" என்றார் கணவர். "அவங்கதானே ஒத்துக்கிட்டாங்க? வேற யாரு? பையன் ஹாஸ்டல்ல இருக்கான், வீட்டுல நாங்க மூணு பேர்தானே..."

வாக்கியம் பாதியில் நின்றது. அவர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

மேடம் தரையில் கிடந்த நூலின் நுனியை எடுத்து இளையவரிடம் நீட்டினார். "நீங்க கொஞ்சம் சுத்திக் காட்டறீங்களாம்மா?"

இளையவர் நூலை வாங்கினார். இரண்டு சுற்றுச் சுற்றினார். வலது கையால்தான். மூன்றாவது சுற்றில் நூலைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான்" என்றார்.

"நீயா?" கணவர் இரண்டடி முன்னால் வந்தார். "நம்ம கடைக்கு நீயே வேட்டு வச்சியா? பைத்தியமா உனக்கு?"

"அந்தப் போட்டோ எடுக்க வந்தாங்களே, அன்னிக்கு அக்காவோட தக்கிளியை வாங்கித்தான் பிடிச்சிட்டு நின்னேன். எனக்கு அதைச் சரியாப் பிடிக்கக்கூட மறந்துபோச்சு. அக்காதான் விரலை மடக்கி வச்சு, இப்படிப் பிடின்னு சொல்லிக் கொடுத்துட்டு, போட்டோவுல விழாம தள்ளிப் போய் நின்னாங்க." அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "அப்புறம் ஒரு வாடிக்கையாளர் எழுதினாங்க, 'இந்த நூலைத் தொட்டதும் உங்க கையைப் பிடிச்சுக்கணும் போல இருந்துச்சு'ன்னு. அதைப் படிச்சதுல இருந்து எனக்குச் சோறு இறங்கல. உங்ககிட்ட சொன்னேன், பக்கத்துல அக்கா பேரையும் போடலாம்னு. முத்திரை போயிடும், வாயை மூடிட்டு இருன்னீங்க."

கணவர் தரையைப் பார்த்தார்.

"வாயால சொல்ல முடியல. அதான் உள்ளே வச்சேன். எப்பவாவது யாராவது பார்க்கட்டும், பார்க்காமலே போனாலும் போகட்டும்னு. இவ்வளவு சீக்கிரம் பின்னி முடிப்பாங்கன்னு நினைக்கல."

"இந்த ஏழையும் எடுக்காம விட்டது ஏன்?" என்று மேடம் கேட்டார்.

"பத்து வச்சேன். மூணு போயிடுச்சு. புகார் வந்ததும் மீதியைப் பிரிச்சு எடுத்துடலாம்னு அலமாரி வரைக்கும் வந்தேன். கை வரல." மூத்தவர் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்க ஏன் ஒத்துக்கிட்டீங்க? உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதே."

மூத்தவர் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கோபமாகத் தெரியவில்லை. களைப்பாகத்தான் இருந்தார்.

"என் உருண்டை எது, உன் உருண்டை எதுன்னு எனக்குத் தெரியாதா? அலமாரி துடைக்கிறப்பவே பார்த்தேன். ரெண்டு மாசமாத் தெரியும். என்னத்துக்கோ திரும்பச் சுத்தியிருக்கான்னு விட்டுட்டேன். புகார் வந்தப்பதான் விஷயம் புரிஞ்சுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே அக்கா."

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்." அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். "பேர் போடாததுக்கு நான் வருத்தப்படல. பேர் வச்சு நான் என்ன செய்யப்போறேன்? சீட்டு வச்சதுக்கும் வருத்தமில்ல. அது எனக்காக வச்சதுதானே. ஆனா நேத்து தம்பி என் பெட்டியைத் தூக்கிட்டு இறங்கினப்ப, நீ கீழே இந்த மேஜைகிட்ட உட்கார்ந்து லேபிள் ஒட்டிட்டு இருந்தே. நிமிர்ந்து பார்த்தே. மறுபடி குனிஞ்சுகிட்டே. இவ்வளவுதான்னு ஆச்சு எனக்கு. அப்பறம் யார் வச்சா என்ன, நானே வச்சதா இருக்கட்டுமேன்னுதான் ஒத்துக்கிட்டேன்."

பக்கத்தில் நின்ற எனக்கே தலைகுனிவாக இருந்தது. துடைப்பம் என்று சொன்னவனும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சொல்லணும்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு அக்கா" என்றார் இளையவர். "சொன்னா கடை போயிடும், பையன் படிப்பு போயிடும்னு பயம். சொல்லலைன்னா நீங்க போயிடுவீங்க. ரெண்டுல ஒண்ணுன்னு வந்தப்ப..." நிறுத்தினார். "உங்களை விட்டுட்டேன்."

அதைச் சொல்ல ஒரு தைரியம் வேண்டும். ஆனால் அது ஒரு நாள் தாமதமாக வந்திருந்தது. கணவர், "அண்ணி, நானும் அவசரப்பட்டுட்டேன்" என்று முணுமுணுத்தார். மூத்தவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

இளையவர் சட்டென்று எழுந்து கம்ப்யூட்டர் பக்கம் போனார். "இப்பவே எழுதறேன். நூத்ததெல்லாம் அக்காதான், போட்டோவுல நின்னதுதான் நான்னு எழுதறேன். முத்திரை போனாப் போகட்டும். கடையே போனாலும் போகட்டும்."

"எழுதாத" என்றார் மூத்தவர்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"இத்தனை நாள் என்னைக் கேட்காம மறைச்சே. இப்பவும் என்னைக் கேட்காமதான் எழுதப்போறியா? நீ செஞ்ச தப்பை நீ எழுது. அதுல என் பேர் வேண்டாம். என் பேரை எங்கே போடறதுங்கறதை நான் யோசிச்சுச் சொல்றேன்."

இளையவரின் கை கீபோர்டின் மேல் அப்படியே நின்றது. பிறகு மெதுவாக ஒரு எழுத்தைத் தட்டினார். மேடம் என் முழங்கையைத் தொட்டு, பெட்டியைக் கண்ணால் காட்டினார்.

நான் போய் ஒரு பக்கக் கைப்பிடியைப் பிடித்தேன். "எங்கேம்மா வைக்கணும்?"

"மேல" என்றார் மூத்தவர். "அது என் ரூம். என் வீட்டுக்காரர் கட்டினது."

மறுபக்கக் கைப்பிடியைப் பிடிக்க இளையவர் ஓடி வந்தார். குனிந்து கை வைத்துவிட்டார்.

"நீ விடு" என்றார் மூத்தவர். "அவர் தூக்கட்டும்."

இளையவர் கையை எடுத்தார். நான் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு படி ஏறினேன். நல்ல கனம். பாதிப் படியில் மூச்சு வாங்கியது, ஆனால் நிற்கவில்லை. நிற்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. முன்னால் மூத்தவர், ஒவ்வொரு படியாக, கையில் அந்தச் செருப்பு.

மேலே போனதும் பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். "அம்மா, நான் நேத்து பேசினது..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். படியில் காலடிச் சத்தம் கேட்டது. இளையவர் போர்வையை எடுத்துக்கொண்டு வந்து வாசலுக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை.

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்கன்னு கேட்கலாமா?"

மூத்தவர் போர்வையை வாங்கிக்கொண்டார். மெத்தை இல்லாத கட்டிலில் அதை விரித்து, சுருக்கம் போகக் கையால் தடவினார். நாலு மூலையும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

"இன்னிக்குக் கேட்காத" என்றார்.